ஆறு மணி உறை

இவ்வாண்டு மழை காலந்தாழ்த்தியது. மேகம் வரும், வானின் விளிம்பில் கருத்து நிற்கும், ஒரு துளியும் ஈயாமல் கலைந்துபோகும். காற்றும் அடங்கிய அந்நாட்களில் அச்சுக்கூடத்து மையின் நெடி படியேறி வந்து என் மேசையருகே அமர்ந்துகொள்ளும். கார்காலம் நோக்கிக் காத்திருக்கும் தலைவியின் துயரைச் சொல்லும் பழம்பாடல்களை அப்போதெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வேன்.

முப்பத்தோராண்டுகளாக இந்நாளிதழில் நான் மெய்ப்புத் திருத்துபவன். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான செய்திக்குப் போகும் நிருபர், போகுமிடத்தையும் சந்திக்கும் ஆளையும் எழுதி, உறையிலிட்டு ஒட்டி என்னிடம் தருவார். மாலை ஆறு மணிக்குள் திரும்பாவிட்டால் அதை ஆசிரியர் முன் பிரிக்க வேண்டும். இறைவனைப் பாடிவிட்டே பேனாவைத் தொடுகிறவன் என்பதால் இப்பணி எனக்கு வாய்த்தது.

கல்குவாரிச் சாவுகளைப் பற்றித் துருவிக்கொண்டிருந்த நிருபர் அன்று காலை உறையோடு வந்தாள். துறுதுறுவென்று திரிவதால் எல்லோருக்கும் அவள் சிட்டு.

"ஐயா, பத்திரமா வெச்சுக்கோங்க. பிரிச்சுப் பார்த்தீங்க, சாமி கண்ணைக் குத்திடும்."

"என் கண்ணு போனா உன் பிழையெல்லாம் யாரும்மா திருத்துறது?"

சிரித்துக்கொண்டே போனாள்.

ஆசிரியர் சிறையிலிருந்து வந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. எங்கள் காகிதம் துறைமுகத்தில் முடங்கிக் கிடந்தது. உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்து அதிகாரி முந்தின வாரம் என்னை அழைத்து, நாற்காலி தந்து அமரவைத்திருந்தார்.

"சும்மா பேசத்தாங்க ஐயா. அந்தப் பொண்ணுக்கு ஆவணம் கொடுக்கிறது யாருன்னு தெரிஞ்சா போதும். பத்திரிகை நடக்கும். எழுபது வீட்ல அடுப்பெரியும்."

அந்த எழுபது அடுப்புகளையே நான் நினைத்தேன். அன்று அவள் போனதும், தேநீர்க் குவளையின் ஆவியில் உறையின் பசை இளக ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. படித்ததை அதிகாரிக்குச் சொன்னேன். உறையை மடிப்புக் குலையாமல் மீண்டும் ஒட்டினேன்.

இரண்டு மணிக்கு அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, பின்னாடி ஒரு வண்டி விடாம வருது. இப்பவே உறையைப் பிரிச்சு ஆசிரியர்கிட்ட சொல்லுங்க."

"பதறாதேம்மா. அவங்க பேசத்தான் வர்றாங்க."

"உங்களுக்கு எப்படிய்யா தெரியும்?"

நான் தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

வழக்கத்தை மீறியதாக எவரும் என்னைச் சொல்ல முடியாது. ஆறு மணிவரை மெய்ப்புப் பார்த்தேன். ஆறானதும் ஆசிரியர் முன் உறையைப் பிரித்தேன். மறுநாள், குவாரிக் குட்டையில் அவளும் ஆவணம் தந்த எழுத்தரும் மிதந்தார்கள். இரங்கற் செய்தியில் அவள் வயது முப்பது என்றிருந்தது. இருபத்தொன்பது என்று திருத்தினேன். அவளுக்குப் பிழை பிடிக்காது.

உரிமம் வந்தது. பின்னர் மழையும் வந்தது. என் கண்கள் நலமாகவே இருக்கின்றன. குத்துவதாயிருந்தால் இறைவன் இதற்குள் குத்தியிருப்பான். ஆகவே, நான் செய்தது காத்தல் தொழில்தான் என்று தெளிந்தேன்.

அவள் விட்ட செய்தியை அவளுடைய தோழி எடுத்துக்கொண்டாள். இன்று காலை ஒட்டிய உறையொன்றை என்னிடம் நீட்டினாள்.

"உங்களை விட்டா வேற யாரை நம்புறதுங்கய்யா?"

உறையை வாங்கி மேசைமேல் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க ஒரு தேநீர் கொண்டுவரச் சொன்னேன். பிறகு கண்மூடிக் கைகூப்பி, வழிச்செல்வோரைக் காக்க வேண்டிக்கொள்ளும் பாடலொன்றை ஓரடியும் விடாமல் மனத்துள் ஓதினேன். அவள் தலைமேல் கை வைத்தேன்.

"ஒரு குறையும் வராதும்மா. நூறு வருஷம் நல்லா இருக்கணும்."