வாங்குறோமா, விக்கிறோமா

பெயர்: ஷாமினி த/பெ சுகுமாறன். வயது: 34. தொழில்: கோலா இந்தான் எனர்ஜி நிறுவனத்தின் நிதிப் பிரிவில் எழுத்தர். முகவரி: எண் 17, லோரோங் 4, தாமான் செரி பாயு, கிள்ளான். பதிவான இடம்: பிரிக்பீல்ட்ஸ். நாள்: 19.4.2022, காலை மணி 10.20. பதிவு செய்தவர்: இன்ஸ்பெக்டர் லோகன். சாட்சி தமிழில் பேச விரும்பியதால் தமிழிலேயே எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடன் வசிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எங்கள் நிறுவனம் போர்ட் கிள்ளான் தொழிற்சாலைகளுக்கு நீராவியும் மின்சாரமும் விற்கிறது. அவர்களிடம் வாங்கும் கட்டணம் ஓராண்டுக்கு மாறாது, ஆனால் நாங்கள் எரிக்கும் எண்ணெயின் விலை தினமும் மாறும். கொதிகலனுக்காக எடுத்த கடனின் வட்டியும் ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் நிறுவனம் தாங்காது என்பதால், இந்த வழக்கில் பெயர் சொல்லப்படும் காலஞ்சென்ற திரு. கமலநாதன், வயது 51, வங்கியோடு தொலைபேசியில் பேசி இரண்டையும் முன்கூட்டியே ஒரே அளவில் நிறுத்தி வைப்பார். இதில் எண்ணெய் எதுவும் கைக்கு வராது. விலை ஏறினால் வித்தியாசத்தை வங்கி எங்களுக்குத் தரும், இறங்கினால் நாங்கள் தருவோம். இதை வாங்குவது என்பார்கள். தலைகீழாகச் செய்தால் விற்பது. வேலை முடிந்ததும் அவர், “எண்ணெயக் கட்டிப் போட்டாச்சு, வட்டியையும் கட்டிப் போட்டாச்சு, இனி ராத்திரி தூங்கலாம்” என்பார்.

அவர் பேசி முடித்த ஒவ்வொரு உடன்பாட்டையும் வங்கி திரும்ப அழைத்து என்னிடம் வாசித்துக் காட்டும். நான் அவர் வங்கிக்கு எழுதி அனுப்பும் தாளையும், எதை வாங்க வேண்டும் எதை விற்க வேண்டும் என்ற நிறுவனத்தின் திட்டத்தையும் எதிரே வைத்துக்கொண்டு, எல்லாம் ஒத்துப்போனால் மட்டுமே ‘கன்ஃபர்ம்’ என்று சொல்ல வேண்டும். அவர் தவறினால் பிடிக்க வேண்டியவள் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் விடுப்பில் இருந்தால் மேலாளர் திரு. சிவநேசன் அதைச் செய்ய வேண்டும். இவை போக, கமலநாதன் அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு வழக்கம் இருந்தது. வங்கிக்குத் தாளை அனுப்புவதற்கு முன் என் மேசைக்கு வந்து, தடுப்புப் பலகையைப் பேனாவால் இரண்டு தட்டு தட்டி, “நாம வாங்குறோமா, விக்கிறோமா?” என்று கேட்பார். நான் திட்டத்தைப் பார்த்துப் பதில் சொன்ன பிறகுதான் அனுப்புவார். முப்பது வருஷம் இந்த வேலை செய்தவருக்கு இது தெரியாதா என்று நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

12.11.2021 வெள்ளிக்கிழமை, தங்கை வாணியின் கல்யாணப் புடவை எடுப்பதற்காக நான் விடுப்பு எடுத்தேன். அன்று இரண்டு உடன்பாடுகள் இருப்பது எனக்குத் தெரியும். ஒரு தொழிற்சாலை மூடிவிட்டதால் அதற்காக வாங்கி வைத்திருந்ததைக் காலையில் விற்க வேண்டும். பிற்பகலில் 2022ஆம் ஆண்டு முழுவதற்கும் வாங்க வேண்டும். வேலை தடைபடக் கூடாது என்று என் கைப்பேசி எண்ணை முன்பே வங்கிக்குக் கொடுத்திருந்தேன். விடுப்பில் போவதை வங்கியிடம் சொல்லவில்லை, திரு. சிவநேசனிடமும் வேலையை ஒப்படைக்கவில்லை.

அன்று பிற்பகல் நான் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் இருந்தபோது, மணி 3.12க்கு அண்ணனிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் செய்தி வந்தது. “நாம வாங்குறோமா, விக்கிறோமா?” என்று மட்டும் இருந்தது. நான் படித்தேன். வழக்கமான கேள்விதானே, லீவிலும் விட மாட்டாரா என்று வாணியிடம் சொல்லிச் சிரித்தேன். பதில் போடவில்லை. அதன் பின்னர் 3.40க்கு வங்கியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். கடையில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது, வாணி ஒரு மாம்பழ நிறப் புடவையை என் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வங்கிப் பெண் விற்பனை என்று வாசித்தது என் காதில் விழுந்தது. காலை விற்பனையைத்தான் தாமதமாக வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, மாதங்களைக் காதில் வாங்காமலே, “கன்ஃபர்ம் லா” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்குப் பின்னர் தெரிந்தது இது: அண்ணன் அன்று பிற்பகல் காலைத் தாளையே எடுத்து, அளவையும் மாதங்களையும் மாற்றி, விற்பனை என்ற சொல்லை மட்டும் மாற்றாமல் அனுப்பியிருக்கிறார். அவருக்கே ஏதோ உறுத்தியதால்தான் அன்றும் என்னைக் கேட்டார் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பியதும், தாள் எதிரே இருந்து ஒப்பிட்டது போலப் பிற்பகல் உடன்பாட்டின் சரிபார்ப்புப் படிவத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். பதிவேட்டில் அதை, எதையும் பிரித்துப் பார்க்காமல், வழக்கம்போல ‘வாங்கல்’ என்று எழுதினேன். வங்கி அனுப்பிய தாளையும் படிக்காமலே கோப்பில் சேர்த்தேன். அன்று அண்ணன் வந்து, “நீங்க பாத்துட்டீங்கள்ல, அப்ப சரி” என்றார். நான் தலையாட்டினேன். மாதாமாதம் எல்லாரும் என் பதிவேட்டைத்தான் பார்த்தார்கள்.

எண்ணெய் விலை ஏறியது. பிப்ரவரி முதல் வாரத்தில், எங்களுக்குப் பணம் தர வேண்டிய வங்கி எங்களிடமே பணம் கேட்டுக் கடிதம் அனுப்பியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. என் பதிவேட்டில் வாங்கல், வங்கியில் விற்பனை. ஆகவே கமலநாதன் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டு, விலை இறங்கும் என்று தன்னிஷ்டத்துக்குப் பந்தயம் கட்டினார் என்று நிறுவனம் முடிவு செய்து அவரை இடைநீக்கம் செய்தது. தான் விற்கச் சொன்னதாகவே நினைவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்போது நானும் அதே விசாரணை அறையில் இருந்தேன். திரு. சிவநேசன் என்னைத் தனியாக அழைத்து, “பதிவேட்டுல உள்ளத மட்டும் சொல்லு லா, உனக்கு ஒண்ணும் வராது” என்றார். நான் அப்படியே செய்தேன். பயம்தான் காரணம், வேறு காரணம் இல்லை.

17.3.2022 அன்று அண்ணன் மறுபடி அலுவலக விசாரணைக்கு வந்தார். மாலையில் கேஎல் சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் ரயிலுக்கு அவரும் நின்றார், நானும் நின்றேன். அவருக்குச் சுங்கை வேயில் வீடு. அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்துவிடும் என்று பயந்து, ஆண்கள் ஏற முடியாத பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன். சுங்கை வேய்க்குப் பக்கத்து நிலையமான ஸ்ரீ செத்தியாவில் அவர் இறங்கி என் ஜன்னலைக் கடந்து போனார். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். ரயில் நகரும்போது அவர் மேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே பெஞ்சில் நெஞ்சுவலியால் இறந்தார் என்று மறுநாள் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் என் ரயில் அங்கே நிற்கிறது. பெஞ்சில் யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அலுவலகத்தில் தடுப்புப் பலகையில் இரண்டு தட்டு கேட்கிறது. நிமிர்ந்தால் ஆள் இல்லை. மேசையை மாற்றிக் கேட்டு வேறிடம் போனேன், அங்கேயும் கேட்கிறது. பாசாரில் வெங்காயம் எடுக்கும்போது என் வாயே அந்தக் கேள்வியை முணுமுணுக்கிறது. எனக்குப் பைத்தியம் இல்லை. பதில் சொல்லாத கேள்வி போக மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் அவர் மனைவி மலர் அக்கா, அவருடைய கண்ணாடியையும் குவளையையும் வாங்கிப்போக வந்தார். இறந்தவர்மேல் நிறுவனம் போலீஸ் புகார் கொடுத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெட்டியை என் மேசைமேல் வைத்துவிட்டு, “அவரு ஏமாத்துனாரா மா? நீ கூடவே இருந்தவ, சொல்லு” என்றார். நான் பேனாவையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கிக்கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் ஏமாற்றவில்லை. ஒரு சொல்லைத் தவறவிட்டார். அதைப் பிடிக்க வேண்டிய நான் மூன்று இடத்தில் விட்டேன், பிறகு மறைத்தேன். வங்கியின் தொலைபேசி பதிவாகும். 12.11.2021, மணி 3.40 பதிவைக் கேட்டு வாங்குங்கள். கடைப் பாட்டும் என் குரலும் அதில் இருக்கும். என் கைப்பேசியையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். இதனால் எனக்கு வேலை போகும், வழக்கும் வரலாம் என்று இன்ஸ்பெக்டர் விளக்கினார். புரிந்தது.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். 3.12 செய்திக்கு நான் இன்னும் பதில் போடவில்லை, அதை இதில் எழுத முடியுமா என்று கேட்டேன். வழக்குக்கு அது தேவையில்லை என்றவர், பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, சொல்லுங்கள் என்றார். நான் சொன்னது:

“வாங்குறோம் அண்ணே. தாள்ல விக்கிறோம்னு இருக்கு. மாத்திட்டு அனுப்புங்க.”

மேலே உள்ளது நான் என் வாயால் சொன்னது. எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்ட பிறகு, ஒவ்வொரு பக்கத்தையும் நானே இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ஷாமினி த/பெ சுகுமாறன்
19.4.2022, மணி 12.05