மட்டி செத்த கரை

மூதூர் போகும் லாஞ்சுப் படகில் என் முன்னால் இருந்தவர், பக்கத்தில் இருந்த, கரையில் மட்டிச் சிப்பி எடுத்து விற்கும் பெண்ணிடம் திடீரென்று, "உங்கட மட்டியளைச் சாகடிச்சது நான்தான், அக்கா" என்றார்.

"என்ன கதை தம்பி இது? கப்பல்ல இருந்து ஊத்துண்ட எண்ணெய்தானே?"

"இல்லை. எண்ணெய் மேலதான் மிதந்தது. அதைக் கரைக்கச் சொல்லி, துப்புரவு வேலைக்கு எங்களை எடுத்த கொம்பனிக்காரர் சவர்க்காரம் மாதிரி ஒரு மருந்து தந்தவை. மூண்டு நாள் நான்தான் அடிச்சனான். கரை பளிச்செண்டு வந்தது. பிறகுதான் மட்டியெல்லாம் வாய் பிளந்து கிடந்தது."

"தெரிஞ்சே அடிச்சனீங்கள்?"

"ரெண்டாம் நாளே நண்டு செத்து ஒதுங்கினதைக் கண்டனான். வேலை போயிடும் எண்டு பேசாமல் இருந்திட்டன்."



"கரையைக் காப்பாத்துறியள் எண்டு, மூண்டு நாளும் உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தனானே, தம்பி" என்றாள்.