சோப்புத் தண்ணீர் என்று சொன்ன நாக்கு

சாய்த்து வைத்த ஏணியிலும் சாயாத மனத்தோடு இச்சங்கத்தைத் தாங்கி நிற்கும் தலைவர் அவர்களே! சுவர் கழுவிக் கழுவியே கைரேகை தேய்ந்த பெரியோர்களே! வாளியும் வலிமையுமாய் வாழ்க்கையை வென்றுவரும் தாய்மார்களே! பிளீச் தெறித்துப் பொட்டுப் பொட்டாய் வெளுத்த சட்டையோடு வந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

வாடிக்கையாளரின் அச்சத்தை வெல்வது எப்படி என்று பேசச் சொன்னார்கள். வென்ற கதை என்னிடம் இல்லை ஐயா, வெட்கி நின்ற கதைதான் உண்டு.

வீட்டு வெளிச்சுவர் கழுவும் நம்மிடம் அன்றாடம் வரும் கேள்வி எது? "தம்பி, இதுல பிளீச் கலப்பீங்களா?" நாம் சொல்லும் பதில் எது? சிரிக்கிறீர்கள்! சிரிப்பிலேயே பதில் வந்துவிட்டது. "அதெல்லாம் இல்லம்மா, வெறும் சோப்புத் தண்ணிதான்!" பின்வரிசையில் யாரோ, "நீங்களுமா?" என்கிறீர்கள். நானும்தான்! ஓர் அம்மா தொலைபேசியில் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் தேன் தடவிச் சொன்னேன்.

மறுநாள் காலை போனோம். மாடி வீடு, வடக்குச் சுவர் முழுக்கக் கரும்பாசி. என்னோடு வந்தவர் குழாயக்கா. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னோடு வேலை செய்பவர். எந்நேரமும் தோளில் குழாய்ச் சுருள் கிடப்பதால் வந்த பெயர். வீட்டு அம்மா வாசலுக்கு வந்தார். என்னை விட்டுவிட்டு அக்காவைக் கேட்டார்.

"சோப்புத் தண்ணிதானேம்மா?"

"இல்லங்கம்மா. பிளீச்சும் இருக்கு."

என் முகத்தில் ஈயாடவில்லை! அந்த அம்மாவோ பதறிப்போனார்.

"எங்க வீட்டுக்காரரு துணி ஆலையில சலவைத் தொட்டிகிட்டயே முப்பது வருஷம் நின்னவரும்மா. நெஞ்சு கெட்டுப் போச்சு. அந்த நெடி பட்டா மூச்சு திணறிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்குத்தானே அத்தனை தடவை கேட்டேன்?"

வடக்குச் சுவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான், ஐயா, அவர் கட்டில்! என் பொய் அந்த ஜன்னல் வழியே உள்ளே போயிருந்தால்? ஐயோ, போயிருந்தால்?

குழாயக்கா வாதாடினாரா? இல்லை. மழுப்பினாரா? இல்லை. குழாயைக் கீழே வைத்தார்.

"நீங்க பயப்படுறது நியாயந்தாங்கம்மா. செடியைக் கருக்கும், கண்ணை எரிக்கும், நெஞ்சைப் பிடிக்கும். மத்த வீட்டுல செடியை முன்னாடியும் பின்னாடியும் நனைச்சு, ஜன்னலைச் சாத்தி, அளவாக் கலந்து அடிச்சு, நல்லா அலசி விடுவோம். இங்க அது வேணாம். பச்சைத் தண்ணியும் சோப்பும் பிரஷ்ஷும் போதும். ஆனா பாசி சீக்கிரமே திரும்ப வந்துரும், இப்பவே சொல்லிடுறேன்."

அந்த அம்மா தலையசைத்தார். மூன்று மணி நேர வேலை, சபையோரே, மூன்று நாள் ஆனது! நனைத்து நனைத்துத் தேய்த்தோம். என் பொய்க்கு என் தோள்பட்டையே தண்டம் கட்டியது.

மூன்றாம் நாள், கதவைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாவின் கணவரே வெளியே வந்தார். சொல்லுக்குச் சொல் நின்று, மூச்சு வாங்கி, அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"முப்பது வருஷம்மா. தொட்டியில என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். 'ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாரு'ன்னாங்க. கேட்டதுக்குப் பதில் சொன்ன முதல் ஆளு நீதான்."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "வெயில்ல நிக்காதீங்கண்ணே" என்றார். அவ்வளவுதான்!

மலையைப் பார்த்து மலைத்தவன் நான். கடலைப் பார்த்துக் கண் கலங்கியவன் நான். ஆனால் அன்று, பாசிச் சுவரடியில், நனைந்த செருப்போடு நின்ற ஒரு பெண்மணியைப் பார்த்து வாயடைத்துப் போனேன். "இருக்கு" என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை உயரமா? இத்தனை ஆழமா?

தோழர்களே! கேள்வி கேட்பவர் நமக்குப் பகைவரா? அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தொட்டில் இருக்கலாம். ஒரு மீன்தொட்டி இருக்கலாம். மூச்சுக்குப் போராடும் ஒருவரின் கட்டில் இருக்கலாம். கேட்கட்டும்! நூறு முறை கேட்கட்டும்! நூறு முறையும் உள்ளதை உள்ளபடி சொல்வோம். முடியாததை முடியாது என்போம்!

அதோ, மூன்றாம் வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு "வேண்டாம்" என்று கையாட்டுகிறாரே, அவர்தான் குழாயக்கா! மேடைக்கு அழைத்தால் வரமாட்டார். எழச் சொன்னால் எழமாட்டார். நாம் எழுவோம்! இந்த அரங்கமே அவருக்காக எழட்டும்!

என் குற்றத்தையும் பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!