பாலத்தில் கிடந்த மூட்டை

நத்தர்ஷா: ஒரே ஒரு கையெழுத்து முசே. உசிரையா கேட்டேன்?

கப்ரியேல்: அந்த மனுக் காயிதத்தை மடிச்சு வையுங்க பாய். ஜன்னல் திறந்திருக்கு.

நத்தர்ஷா: சனிக்கிழம மத்தியானம். ஒங்க ரயில்வே ஆபீசுல ஒங்களயும் அந்தப் பல்லியயும் தவிர யாரு இக்கிறா?

கப்ரியேல்: பல்லிக்கு என்ன, அது ராணுவத்துக்குப் பதில் சொல்ல வேணாம்.

நத்தர்ஷா: நல்லாப் பேசுறிய. பேனாதான் நகர மாட்டேங்குது.

கப்ரியேல்: எத்தனை பேர் போட்டிருக்காங்க?

நத்தர்ஷா: இருநூத்துப் பதினாலு. பாதி கைநாட்டு. கீரை சுமக்கிறவளுவ, சைக்கிள்ல கோழிக்கூடை கட்டுறவன், அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற டீச்சரம்மா... மொத வரிய மட்டும் ஒங்களுக்காகக் காலியா வுட்டு வச்சிக்கிறேன்.

கப்ரியேல்: ஐயோ, எனக்கெதுக்கு அந்த மரியாதை?

நத்தர்ஷா: நீங்க பாண்டிச்சேரிக்காரரா இருந்தாலும் பிரான்சுப் பிரஜை. ஒங்க பேரு மேல இருந்தா பட்டாளத்துக் கப்பித்தேன் கீழயும் படிப்பாரு. என்னமாரி காரைக்கால் துணி யாவாரி பேரு இருந்தா அடுப்புக்குத்தான் போவும்.

கப்ரியேல்: இது சைகோன்ல இருக்கிற பிரெஞ்சு ராணுவத்தோட உத்தரவு பாய். திங்கக்கிழமை காலையில பாலத்து நடைபாதையை ரெண்டு முனையிலயும் முள்கம்பி போட்டு அடைச்சிடுவாங்க. அப்புறம் ரயில் மட்டும்தான்.

நத்தர்ஷா: நடக்கிறவன்? சைக்கிள்காரன்?

கப்ரியேல்: தோணி இருக்கே.

நத்தர்ஷா: இந்த மழைத் தண்ணியிலயா? முந்தாநாளு ஒரு கீரைக்காரி, இப்பவே பழகிக்கலாம்னு தோணியில ஏறினா. நடு ஆத்துல கூடையோட கவுந்துட்டா. முடியப் புடிச்சு இழுத்துப் போட்டானுவ.

கப்ரியேல்: ...பொழைச்சாளா?

நத்தர்ஷா: பொழச்சா. இதுதான் அவ கைநாட்டு, பாருங்க...

கப்ரியேல்: காட்டாதீங்க.

நத்தர்ஷா: கட்டவெரல் முசே, கடிக்காது.

கப்ரியேல்: நான் என்ன செய்ய? அன்னைக்கு ரயில் வர்ற நேரத்துல எவனோ நடைபாதையில ஒரு மூட்டையை வச்சுட்டுப் போயிட்டான். வடக்க தியன் பியன் பூ கோட்டை எதிரி கையில விழுந்ததுலேருந்து, காவல் நிக்கிற சொல்தாக்களுக்கு எதைப் பார்த்தாலும் வெடிகுண்டு.

நத்தர்ஷா: பிரிச்சுப் பாத்திருக்கலாம்.

கப்ரியேல்: யாரு பிரிப்பா? நீங்க பிரிப்பீங்களா? நீளக் கம்பால தள்ளி ஆத்துல விட்டுட்டாங்க.

நத்தர்ஷா: அப்ப உள்ள என்ன இருந்துச்சுன்னு...

கப்ரியேல்: யாருக்கும் தெரியாது. அதான் பயமே. அது வெறும் துணின்னு மூட்டைக்காரனே வந்து சொல்லி, அவனைத் தெரியும்னு ஒரு பிரஜையும் சாட்சி சொன்னா, கப்பித்தேன் உத்தரவை நிறுத்துவார். நல்ல மனுஷன்தான்.

நத்தர்ஷா: ...துணின்னு நான் சொல்லலியே முசே.

கப்ரியேல்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன். துணியோ, அரிசியோ. எவன் வந்து சொல்லப்போறான்?

நத்தர்ஷா: வரமாட்டான். மானங்கெட்டவன்.

கப்ரியேல்: திட்டாதீங்க.

நத்தர்ஷா: நான் திட்டலாம். எனக்கு அந்த உரிமை இக்கிது.

கப்ரியேல்: உக்காருங்க பாய். தண்ணி குடிங்க.

நத்தர்ஷா: வேணாம்... அன்னக்கி சாயங்காலம், அசர் தொழுவுற நேரம். எப்பவும் மூட்டையோடதான் ஆத்தங்கரைக்கு இறங்கித் தொழுவேன். அன்னக்கிப் படி வழுக்குச்சு. மேலயே பாலத்துக் கம்பியோரம் சாச்சு வச்சுட்டு இறங்கிட்டேன். கை கால் கழுவி ஒளு செஞ்சு, நாலு ரக்காத்து தொழுதேன். எவ்வளவு நேரம் ஆவும்? தொழுகைய முடிச்சு சலாம் குடுத்துத் திரும்பிப் பாத்தா... என் மூட்டையச் சுத்தி ஏழெட்டுத் துப்பாக்கி.

கப்ரியேல்: பாய்...

நத்தர்ஷா: முழுசாக் கேளுங்க. கைலியும் மல்லுத்துணியும். அதுதான் உள்ள இருந்துச்சு. ஏறி வந்து 'எம் மூட்டைதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்லல. தலையில இருந்த தொப்பியக் கழட்டி மடியில சொருகிட்டு, கரையோரமா, ஒண்ணும் தெரியாத மாதிரி நடந்துட்டேன். அப்பதான் தொழுதவன் முசே. தொப்பிய ஒளிச்சேன்.

கப்ரியேல்: அதுக்குத்தான் கையெழுத்து கேட்டு வீடு வீடா ஏறி இறங்குனீங்களா?

நத்தர்ஷா: அந்த இருநூத்துப் பதினாலுல என் பேரு இல்ல. எந்த மொகத்தோட எழுதுவேன்? இப்பச் சொல்லிட்டேன். வாங்க, ரெண்டு பேருமா கப்பித்தேன்ட்ட போவோம். நான்தான் மூட்டைக்காரன். இவன் துணிதான் விப்பான், எனக்குத் தெரியும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. திங்கக்கிழமைக்கு இன்னும் நேரம் இக்கிது.

கப்ரியேல்: நான் சொன்னா எடுபடாது.

நத்தர்ஷா: ஏன்? ஒங்கள விட்டா எனக்கு இங்க யாரத் தெரியும்?

கப்ரியேல்: நீங்க மூட்டையைச் சாய்ச்சது, படியில இறங்கினது, குனிஞ்சது, நிமிர்ந்தது... எல்லாத்தையும் இந்த ஜன்னல்லேருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன் பாய். கப்பித்தேன் நேரா என்கிட்ட வந்தார். "யாரோடது? உங்க இந்தியத் துணிக்காரங்க யாராவதா?"ன்னார். பின்னால ரெண்டு சொல்தா சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புதான்... "அந்த மாதிரி ஆளுங்க யாரையும் எனக்குத் தெரியாது"ன்னுட்டேன். கம்பை எடுத்தாங்க. அப்பவும் சும்மா நின்னேன். அதையெல்லாம் இப்ப அவர்கிட்டயே சொல்றேன், வாங்க. ஆனா என் பக்கத்துலயே நடங்க பாய். ரெண்டு அடி தள்ளிப் போனீங்கன்னா மறுபடியும் தெரியாதுன்னு சொல்லிடுவேன்.