மூன்று தட்டு

"தலையக் காப்பாத்திக்கோ! கூரை வருது!"

அருளப்பன் கத்துகிறான். அதுதான் அவனுடைய கடைசிச் சத்தம். பிறகு ஒரு 'டம்'. காற்று நெஞ்சில் மோதுகிறது. மெழுகுவர்த்திகள் அணைகின்றன. கல் விழுகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். பகல் ஷிப்டு. தங்கவயலுக்குக் கரண்டு வராத காலம். அன்று காலை மாரிகுப்பத்து வீட்டில் முருகனுக்கு விளக்கேற்றி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் சுரங்கத்தில் இறங்கினேன்.

சத்தம் அடங்கியது. அருளப்பனைக் கூப்பிட்டேன். கூட வேலை செய்த கோவிந்தனைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பதில் சொன்னவன் முனுசாமி ஒருவன்தான். என் மனைவியின் தம்பி. அவன் இடுப்புக்குக் கீழே பாறை கிடந்தது. எனக்குக் கைகால் அசைந்தது.

"மாமா, காத்துக்குழாய் உன் பக்கம்தான இருக்குது? தட்டு. மூணு தட்டு."

கேஜ் என்கிற தூக்குக் கூண்டு மேலே ஏற மணி அடிப்பது வழக்கம். கல் ஏறினால் ஒன்று. ஆள் ஏறினால் மூன்று. அந்தக் குழாய் மேலே வரைக்கும் போகிறது. சுத்தியலைத் தேடி எடுத்தேன். மூன்று தட்டினேன். நிறுத்தி, மறுபடி மூன்று. காது கொடுத்தோம். தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும்.

தட்டத் தட்ட மனசு கசந்தது. எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு நாங்கள் எல்லோருமே 'ராமசாமி'தான். ஒரு நாளும் அவர் என் முகத்தை நின்று பார்த்ததில்லை. இந்த ராமசாமி போனால் நாளைக்கு வேறொரு ராமசாமி இறங்குவான்.

"யார்ரா நம்பளத் தேடப் போறான்?" என்றேன்.

அந்த நிலையிலும் முனுசாமி சிரித்தான். "ராமசாமின்னு தேடுனாதான் இன்னா மாமா? வரட்டும். வந்தப்புறம் பேரச் சொல்லிக்கலாம். நீ தட்டு."

நான் தட்டவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். பக்தி இல்லை. நம்பிக்கையை விட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

"விபூதி பூசுற ஆளு நீ. நீயே இப்பிடிக் குந்திக்கினா எப்பிடி?" என்றான். பிறகு கெஞ்சினான். பிறகு கையில் கிடைத்த கல்லால் பாறையில் தட்டினான். டொக். டொக். டொக். பாறை சத்தத்தை விழுங்குகிறது. குழாய் அவனுக்கு எட்டாது. எனக்கு எட்டும். நான் எழுந்திருக்கவில்லை. டொக் மெலிந்தது. நின்றது.

வெகுநேரம் கழித்து அந்தப் பக்கம் கடப்பாறைச் சத்தம். அப்போது பாய்ந்து எழுந்து தட்டினேன். என் உயிருக்காகத் தட்டினேன்.

கல்லை விலக்கி முதலில் நுழைந்தவர் கோரமண்டலில் குடியிருக்கும் ஏசுதாஸ் அண்ணன். வெளிச்சத்தைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்.

"வேலாயுதம், நீயாடா? மூணு தட்டு கேட்டுது. குழாயில காத வச்சிக்கினே தோண்டிக்கினு வந்தோம். அப்பால நின்னுபோச்சு. முடிஞ்சிட்டாங்கன்னு வேற பக்கம் போயிட்டோம். ஏன்டா நிறுத்தின?"

முனுசாமியிடம் ஊர்ந்து போனேன். முனுசாமியின் கை இன்னும் சூடாக இருந்தது. தட்டிய கல் அந்தக் கைக்குள்ளேயே இருந்தது.

வீட்டுப் பூஜையில் நான் மணியைத் தொடுவதில்லை. அவன் அக்காள்தான் அடிக்கிறாள். காரணம் அவள் கேட்டதில்லை. காரணம் இதுதான்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்து அருளப்பன். ஆம்பூர் கோவிந்தன், தலை ஆடிக்குப் பெண்டாட்டி தாய்வீட்டில் இருந்தாள். என் மச்சினன் முனுசாமி. கை ஓயும்வரை தட்டியவன். மூன்று உயிர். ராமசாமி என்று அதில் ஒருவரும் இல்லை.