கத்திக்குப் போன மாப்பிள்ளை

“கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ராஜா எந்தக் கூத்துலயாச்சும் வந்திருக்கானா, மாப்ளே?”

நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், அந்த ஆபரேஷனுக்காகப் பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்த கூத்தில் ராஜா வேஷம் கட்டும் தன் தங்கை கணவரிடம் முன் சீட்டிலிருந்த மச்சான் கேட்டார்.

“இல்லீங்க, மச்சான்.”

“ராஜான்னா கத்திக்கு நெஞ்சைக் காட்டோணும். அவன் ஆம்பளை.”

“நானும் கத்திக்குத்தானுங்களே போறேன். எடந்தான் வேற.”

பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

“ஊரே கேலி பேசும். அவளுக்கே பண்ணிப்போடலாமல்ல?”

“மூணாவது பிரசவத்துல உங்க தங்கச்சி பொழைச்சதே பெருசுங்க. இனி அவ மேல கத்தி படக்கூடாதுங்க.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் மாப்பிள்ளை எழுந்ததும் அவரும் எழுந்து, மாப்பிள்ளையின் துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டார்.

“குடுப்பா. ராஜா பை தூக்கிக்கிட்டா போவான்?”