உக்காந்து பாக்குற வேலை

கண்டக்டர்: கையைத் தொறங்கண்ணே.

டிரைவர்: ஒண்ணுமில்லடா. தலைவலி மாத்திரை.

கண்டக்டர்: தலைவலி மாத்திரையை எவனாவது டிரைவர் சீட்டுக்கு அடியில, கண்ணாடி தொடைக்கிற துணிக்குள்ள சுத்தி வெப்பானா? தொறங்க.

டிரைவர்: கத்தாத. பக்கத்து ரூம்ல நாலு பேரு சாப்பிட்டுக்கிட்டு இருக்கானுங்க.

கண்டக்டர்: கத்துவேன்! காலையில மூணாவது சிக்னல்ல பச்சை விழுந்து, பின்னாடி அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்குது. நீங்க ஸ்டியரிங் மேல தாடையை வெச்சுக்கிட்டு... அறுபது பேரு இருந்தாங்கண்ணே உள்ள!

டிரைவர்: கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

கண்டக்டர்: ஆமா, கொறட்டை விட்டு யோசிச்சீங்க. முன் சீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உங்க டிரைவர் தவம் பண்றாரா?”ன்னு கேக்குது.

டிரைவர்: ஒரு நிமிஷம்தானேடா...

கண்டக்டர்: ஒரு நிமிஷமா? குடுங்க இங்க. ...இது தலைவலிக்கா? அண்ணே, இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்.

டிரைவர்: எப்படித் தெரியும்? நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?

கண்டக்டர்: என்... என் மச்சினன் இந்த மாதிரி ஒண்ணு சாப்பிடறான். பேச்சை மாத்தாதீங்க. எத்தனை நாளா?

டிரைவர்: நாலு நாளு.

கண்டக்டர்: ராத்திரி படுக்கறப்ப போடறதுதானே இது?

டிரைவர்: ராத்திரி போட்டா வீட்டுல பாத்துடுவா. ஏன், எதுக்குன்னு குடைஞ்சு எடுத்துடுவா.

கண்டக்டர்: அதனால?

டிரைவர்: அதனால... காலையில. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி.

கண்டக்டர்: அடக் கடவுளே! தூங்க வெக்கிற மாத்திரையைப் போட்டுக்கிட்டா பஸ்ஸை எடுத்தீங்க? எந்த டாக்டருண்ணே அது? டிரைவருக்குப் போய் இதை எழுதிக் குடுத்த புண்ணியவான் யாரு? வாங்க, மேசையைத் தட்டி நாலு வார்த்தை கேக்கறேன். பேனா இருந்தா எதை வேணா எழுதிடறதா?

டிரைவர்: நீ யார் மேசையையும் தட்ட வேணாம். இந்த வாயாலதானே உன் பேருல ரெண்டு புகாரு கெடக்கு? மூணாவது வந்தா நேரா வீட்டுக்குத்தான்.

கண்டக்டர்: வரட்டும். நியாயத்தைக் கேட்டா புகாரா?

டிரைவர்: டாக்டர் மேல தப்பில்லடா.

கண்டக்டர்: ஏன் தப்பில்ல? என்ன வேலைன்னு அந்தாளு கேக்கல?

டிரைவர்: கேட்டாரு.

கண்டக்டர்: என்ன சொன்னீங்க?

டிரைவர்: ...உக்காந்து பாக்குற வேலைன்னு சொன்னேன்.

கண்டக்டர்: என்னது?

டிரைவர்: பொய் இல்லையேடா. உக்காந்துதானே ஓட்டறேன்.

கண்டக்டர்: சிரிப்பு மூட்டாதீங்க, எனக்கு வயிறு எரியுது. அவரு ஏதோ ஆபீஸ்ல மேசை முன்னாடி உக்காந்திருக்கற ஆளுன்னு நெனச்சுட்டாரு!

டிரைவர்: நல்ல மனுஷன்டா. பொறுமையா ரெண்டு வகை இருக்குன்னு சொன்னாரு. ஒண்ணு, தூக்கக் கலக்கம் வராதாம், ஆனா வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகுமாம். மொதல்ல கொஞ்ச நாளு குமட்டுமாம், படபடப்பு கூடினாலும் கூடுமாம். இன்னொண்ணு ராத்திரி நல்லா தூங்க வெக்குமாம். வயித்தைக் கெடுக்காதாம். உங்களுக்கு எது சௌகரியம்னு என்னையே கேட்டாரு.

கண்டக்டர்: நீங்க தூங்கறதைக் கேட்டு வாங்கினீங்களாக்கும்.

டிரைவர்: பின்ன? நடு ரோட்டுல வண்டியை நிறுத்திட்டு வாந்தி எடுக்கச் சொல்றியா? பாலத்து மேல போறப்ப குமட்டினா எங்கடா ஓரம் கட்டுவேன்?

கண்டக்டர்: அதை அவருகிட்ட சொல்லியிருக்கணும்ல! பஸ் ஓட்டறேன், பாலம் இருக்கு, குமட்டினா நிறுத்த எடமில்லன்னு. அதுக்கு அவரு ஒரு வழி சொல்லியிருப்பாரு, கொஞ்ச நாளு லீவு போடச் சொல்லியிருப்பாரு. வைத்தியன்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. நீங்க முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சுட்டு...

டிரைவர்: சொல்லிட்டு? மருந்துச் சீட்டுல டிரைவர்னு எழுதுவாரு. அடுத்த மாசம் டிப்போவுல உடம்பு பரிசோதனை. என்ன மாத்திரை சாப்பிடறன்னு கேப்பாங்க. மறுபடி பஸ் கழுவ விட்டுடுவாங்கடா. மூணு மாசம் கழுவினது பத்தாதா? நேத்து வந்த பசங்க படியில நின்னுக்கிட்டு, “அண்ணே, பின் சக்கரம் இன்னும் அழுக்கா இருக்கு”ன்னு சொல்லுவானுங்க. இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவன்டா நான்.

கண்டக்டர்: ...தெரியும்ணே.

டிரைவர்: என்ன, திடீர்னு சுதி எறங்கிடுச்சு?

கண்டக்டர்: ஒண்ணுமில்ல. ...அநியாயம்ணே. சர்க்கரைக்கு மாத்திரை போடறவன் ஓட்டறான். கண்ணு மங்கினவன் கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டறான். இடுப்பு வலிக்குதுன்னா தலையணை குடுக்கறான். நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு சொன்னா மட்டும் ஆளு உருப்படாதவனா? எவன் போட்ட சட்டம் இது?

டிரைவர்: சட்டம் எல்லாம் இல்லடா. பயம்தான். எனக்கு.

கண்டக்டர்: எனக்குத் தெரியாதா உங்க பயம்? நீங்க திரும்பி வண்டி எடுத்ததுலேருந்து எட்டு மாசமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ரெண்டு விசில் குடுக்கறேன். கியர் மேல உங்க கை இருக்கு, வண்டி நகரல. திரும்பிப் பாத்து, “போலாமா?”ங்கறீங்க. போலாம்னா கண்ணாடியைப் பாக்கறீங்க. மறுபடி, “போலாமாடா?” போன வாரம் எறங்கி வந்து படிக்கட்டுக்குக் கீழ குனிஞ்சே பாத்தீங்க. நான் ஜனங்ககிட்ட டயர்ல கல்லு மாட்டிக்கிச்சுன்னு புளுகினேன்.

டிரைவர்: ரெண்டு விசில் கேட்டாலே உள்ளங்கை வேர்த்துடுதுடா. வீட்டுல குக்கர் ரெண்டு விசில் அடிச்சா போதும், ஓடிப்போய் அடுப்பை அணைச்சுடறேன். ஒண்ணுமே வேக மாட்டேங்குதுன்னு அவ திட்டறா.

கண்டக்டர்: விசில் கேட்டாவா? நீங்க அன்னைக்கு விசில் கேக்...

டைம் கீப்பர்: யாருப்பா பன்னெண்டு பத்து வண்டி? ஸ்டாண்டுல ஜனம் வெயில்ல காயுது!

டிரைவர்: இதோ எடுக்கறோம் சார்.

கண்டக்டர்: எடுக்கல சார்.

டைம் கீப்பர்: என்னய்யா, ஆளுக்கொண்ணு சொல்றீங்க?

கண்டக்டர்: அண்ணனுக்கு வயித்தால போகுது சார். காலையிலேருந்து நாலு தடவை. வேற ஆளைப் போடுங்க.

டைம் கீப்பர்: சரியாப் போச்சு! எல்லாரும் சேந்து என் உசிரை வாங்குங்க. இருங்க, பாக்கறேன்.

டிரைவர்: ஏண்டா, யாரைக் கேட்டு சொன்ன? எந்திரி, வண்டிக்குப் போலாம்.

கண்டக்டர்: போங்க. போய் உக்காருங்க. நான் விசில் குடுக்க மாட்டேன். விசில் இல்லாம எடுப்பீங்களா?

டிரைவர்: ...எடுத்தவன்தானே நான். அப்படித்தானே எழுதி வெச்சிருக்காங்க. மார்க்கெட் ஸ்டாப்புல தையல்காரம்மா எறங்கறதுக்குள்ள, விசிலுக்குக் காத்திருக்காம வண்டியை எடுத்தவன். அந்தம்மா காலை ஒடைச்சவன்.

கண்டக்டர்: அண்ணே...

டிரைவர்: போன மாசம் பாத்தேன்டா. கைத்தடி ஊனிக்கிட்டு ரோட்டைக் கடக்குது. என்னைப் பாத்து சிரிக்குது. திட்டித் தொலைச்சாலும் தேவலாம்.

கண்டக்டர்: இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

டிரைவர்: கொஞ்ச நாளா நெஞ்சு படபடக்குது, தூக்கமில்லன்னு மட்டும் சொன்னேன்.

கண்டக்டர்: தூக்கமில்லன்னா அவரு தூங்க வெக்காம என்ன பண்ணுவாரு! இன்னைக்கு சாயங்காலம் போறோம். நானும் வரேன். டிரைவர்னு சொல்றீங்க, எப்போ ஆரம்பிச்சுதுன்னு சொல்றீங்க. இந்த மாத்திரையை என்ன பண்றதுன்னு அவரே சொல்லட்டும்.

டிரைவர்: எதுக்கு அலைச்சல்? உன் மச்சினன் சாப்பிடறது தூக்கம் வராததுதானே? அதுல ரெண்டு வாங்கிக் குடு, பாத்துக்கலாம்.

கண்டக்டர்: மாத்திரை என்ன தீப்பெட்டியா, ஒரு குச்சி குடுன்னு வாங்கறதுக்கு? ஆளுக்கு ஆளு மாறும்ணே.

டிரைவர்: சரி, குமட்டுமா? அதையாவது சொல்லு.

கண்டக்டர்: மொத ரெண்டு வாரம் குமட்டும். சாப்பிட்டுட்டுப் போட்டா பரவாயில்ல. டிக்கெட் கிழிக்கறப்பல்லாம் அந்தப் பேப்பர் வாசம்கூட கொமட்டிக்கிட்டு வரும். மூணாவது வாரம் ஒரு நாளு, அட, இன்னைக்கு நெஞ்சு சும்மா இருக்கேன்னு தோணும்...

டிரைவர்: உன் மச்சினன் இரும்புக்கடையில இல்ல இருக்கான்?

கண்டக்டர்: ஆமா.

டிரைவர்: இரும்புக்கடையில எதுக்குடா டிக்கெட் கிழிச்சான்? பையைத் தொற.

கண்டக்டர்: அண்ணே, நேரமாச்சு...

டிரைவர்: என் கையைத் தொறக்க வெச்சல்ல? உன் பையைத் தொறடா. ...எத்தனை நாளா?

கண்டக்டர்: ஆறு மாசம்.

டிரைவர்: அடப்பாவி. பக்கத்துலயே நின்னுக்கிட்டு... உனக்கு எதுக்குடா? விழுந்தது அந்தம்மா. எடுத்தது நான்.

கண்டக்டர்: உங்க மேல கோபப்பட எனக்கு என்னண்ணே யோக்கியதை இருக்கு? எனக்கே என்னைப் பாத்தா பத்திக்கிட்டு வருது. அன்னைக்கு ஜன்னல் சீட்டுக்கு ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டாங்க. நான் நடுவுல பூந்து கத்திக்கிட்டு இருந்தேன். படியைப் பாக்கல. யாரு எறங்கறாங்கன்னே பாக்கல. வாயில விசில் இருந்துச்சு... பாக்காமலே ஊதிட்டேன். ரெண்டு.

டிரைவர்: சரி விடு.

கண்டக்டர்: விட மாட்டேன்! விசாரணையில நீங்க, “விசில் வரல, நானா எடுத்துட்டேன்”னு சொன்னப்ப, இன்ஜின் சத்தத்துல உங்களுக்குக் கேக்கல போலன்னு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். தப்பிச்சோம்னு நெனச்சேன்ணே, அந்த நிமிஷம். நீங்க மூணு மாசம் பஸ் கழுவினீங்க. நான் வேற டிரைவரோட போய் டிக்கெட் குடுத்துக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் பைப்புல தண்ணி சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். சாயங்காலம் டாக்டர்கிட்ட, விசில் இல்லாம எடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க. ரெண்டு விசில் வந்துச்சுன்னு சொல்லுங்க. உங்களுக்குக் கேக்கலன்னாலும், குடுத்தவன் நான்.

டிரைவர்: அன்னைக்கு உன் மேல எழுதியிருந்தா உனக்கு அது மூணாவது புகாரு. எனக்கு மொதலு. ...கேக்காம எவன்டா வண்டியை எடுப்பான்? ரெண்டும் நல்லாவே கேட்டுச்சு.